சம்பளக் கணக்கு நிரல் ஒன்று புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்தது, ஓட்டலாமா?

தோட்டத்துக் கிராணி · 8 நவம்பர் 2025, காலை 10.12

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை)க் குத்தகையாளர் ஒருவருக்குக் கணக்கு எழுதுகிறேன். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அக்டோபர் சம்பளத்திலிருந்து ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடிக்க வேண்டும், ஆள் பக்கம் 2%, முதலாளி பக்கம் 2%. அந்தக் கணக்கை அதுவே போட்டுவிடும் என்று குத்தகையாளர்கள் புலனக் குழுவில் ஒருவர் ஒரு நிரலை அனுப்பியிருக்கிறார். ஜிப் கோப்பு, கடவுச்சொல் 1234. "ஆண்டிவைரஸ் தடுக்கும், அணைச்சிட்டு ஓட்டுங்க" என்று கூடவே ஒரு குறிப்பு. அனுப்பியவர் தெரிந்த ஆள்தான்.

அலுவலகத்தில் ஒரே மடிக்கணினி. விண்டோஸ் 11 ஹோம், 8 ஜிபி ராம். பாதுகாப்பாக ஓட்டிப் பார்க்க வழி உண்டா, இல்லை பேசாமல் அழித்துவிடுவதா?

மேசைக்கடை · 8 நவம்பர், காலை 10.40

அழிச்சிடுங்க. வேற பேச்சே வேணாம்.

நடுராத்திரி · 8 நவம்பர், காலை 11.25

அக்கா சொல்வது சரி. ஆனால் காரணம் தெரிந்தால்தான் அடுத்த முறைக்கு உதவும்.

ஜிப்புக்குக் கடவுச்சொல் போட்டால் வழியில் எந்தச் சோதனைக் கருவியும் உள்ளே பார்க்க முடியாது. பிரித்த அந்த நொடியில் டிஃபெண்டர் (விண்டோஸின் சொந்த ஆண்டிவைரஸ்) பார்த்துவிடும், அதற்காகத்தான் "அணைச்சிட்டு ஓட்டுங்க". இரண்டு குறிப்பும் ஒரே கோப்பில் ஒட்டி வந்தால் அது கிராக் மென்பொருளோடு திருட்டு நிரலைச் சேர்த்து விற்கிறவர்களின் பழைய வழி. சம்பளம் கணக்கிடும் நிரலுக்கு அந்தத் தேவை ஏது?

"தெரிந்த ஆள்" என்பதற்கு இங்கே அதிகம் மதிப்பில்லை. அவர் எழுதிய நிரல் இல்லை, வந்ததைத் தள்ளிவிட்டிருப்பார். அவருடைய புலனக் கணக்கே வேறு ஒருவர் கையில் இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

நிரல் நல்லதா கெட்டதா என்று எவ்வளவு ஆராய்ந்தாலும் பாதி ஊகம்தான். அது ஓடும்போது எதையெல்லாம் எட்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. அந்த மடிக்கணினியில் இப்போது என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், வங்கி, ஈபிஎஃப், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) தளங்கள், திறந்தபடி கிடக்கும் புலனம் வெப், தொழிலாளர்களின் பாஸ்போர்ட், பெர்மிட் நகல்கள், செருகியே கிடக்கும் பென்டிரைவ். இரண்டு முறை தட்டி ஓட்டினால் இத்தனையும் அதன் முன்னால் விரித்து வைத்த மாதிரி. நிர்வாகி அனுமதிகூடக் கேட்காது. உங்கள் கோப்பைப் படிக்க உங்கள் பெயரில் ஓடினால் போதும்.

செம்பனைக்காடு · 8 நவம்பர், மதியம் 1.05

நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் ஹோம் பதிப்பில் கிடையாது. ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் மட்டும்தான். கிராணி அண்ணே, செலவில்லாத வழி ஒன்று: செட்டிங்ஸில் இன்னொரு பயனர் கணக்கு திறங்க, நிர்வாகி இல்லாத சாதாரணக் கணக்கு. அதில் நுழைந்து ஓட்டுங்க. ஒரு கணக்கின் டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், பிரவுசர் தகவல் எதுவும் இன்னொரு சாதாரணக் கணக்குக்குத் தெரியாது.

நடுராத்திரி · 8 நவம்பர், மதியம் 1.50

செம்பனைக்காடு அண்ணே, அது பயனர் கோப்புறைக்குள் இருப்பதற்கு மட்டும்தான் பொருந்தும். பல அலுவலகங்களில் சம்பளக் கோப்புறை எங்கே இருக்கும்? சி டிரைவின் மேல்மட்டத்திலேயே "காஜி 2025" (காஜி என்றால் மலாயில் சம்பளம்) என்று ஒன்று, இல்லையென்றால் டி டிரைவ். அங்கே உருவாக்கும் கோப்புறைகளை அந்தக் கணினியில் நுழையக்கூடிய எந்தக் கணக்கும் படிக்கலாம், மாற்றலாம். விண்டோஸின் இயல்பான அனுமதியே அப்படி. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ஒரு ரேன்சம்வேருக்கு அது போதும்.

சரிபார்க்க: கோப்புறையின் ப்ராபர்டீஸ், செக்யூரிட்டி தாள். பட்டியலில் "ஆதெண்டிகேட்டட் யூசர்ஸ்" என்ற வரியில் "மாடிஃபை" டிக் இருந்தால் தனிக்கணக்கு காப்பாற்றாது. முதலில் அந்தக் கோப்புறையை உங்கள் டாக்குமெண்ட்ஸுக்குள் நகர்த்துங்கள். இழுத்துப் போட்டால் பழைய அனுமதி கூடவே ஒட்டிக்கொண்டு வரலாம். நகலெடுத்துவிட்டுப் பழையதை அழிப்பது சுத்தம்.

தனிக்கணக்கு நல்ல பழக்கம்தான். சந்தேக நிரலுக்கு அது போதாது.

மேசைக்கடை · 8 நவம்பர், மாலை 4.30

சாண்ட்பாக்ஸ்னு பேச்சு வந்ததால் கேட்கிறேன். சாண்ட்பாக்ஸின்னு ஒரு தனி மென்பொருள் இருக்கே, அதைப் போட்டா ஹோம்லயும் ஓடுமே?

நடுராத்திரி · 8 நவம்பர், மாலை 5.10

ஓடும், அக்கா. 2020இல் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள். சாண்ட்பாக்ஸி-ப்ளஸ் என்ற பெயரில் இன்றும் வளர்கிறது, சொந்தப் பயனுக்கு இலவசம். ஆனால் அது லயத்து வீட்டு நடுச்சுவர் மாதிரி, கூரை வரை எழும்பாது. எழுதுவதைத் தடுத்துத் தனிப் பெட்டியில் வைக்கும். படிப்பதை இயல்பு நிலையில் அவ்வளவாகத் தடுக்காது. உள்ளே ஓடும் நிரல் உங்கள் டாக்குமெண்ட்ஸைப் படித்து இணையத்தில் அனுப்பிவிட முடியும். பெட்டியின் அமைப்பில் அந்தக் கோப்புறைகளை மூடி, இணையத்தையும் மூடினால்தான் பயன். தவிர, உள்ளேயும் வெளியேயும் ஒரே விண்டோஸ் கெர்னல் (மையநிரல்).

நம்பகமான, ஆனால் கண்ட இடத்தில் குப்பை போடும் பழைய மென்பொருளுக்கு அது அருமை. இதற்கு வேண்டாம்.

செம்பனைக்காடு · 9 நவம்பர், காலை 8.20

அப்படியென்றால் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ்தான். ஹோமில் ஓடும், காசில்லை. 8 ஜிபி ராமில் இப்படி:

முதலில் டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், சிபியு. கீழே "வர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்" என்று இருக்கணும். இல்லையென்றால் பயாஸில் அணைந்து கிடக்குது. ஏசர், டெல் எஃப்2, ஹெச்பி எஃப்10. இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் மோட் என்று தேடுங்க.

மைக்ரோசாஃப்டிலேயே விண்டோஸ் 11 எண்டர்பிரைஸ் 90 நாள் சோதனைப் பதிப்பு கிடைக்கும். அதன் ஐஎஸ்ஓ எடுத்து மெய்நிகர் கணினி ஒன்று அமையுங்க: ராம் 4 ஜிபி, கோர் 2, டைனமிக் வட்டு 64 ஜிபி. சொன்ன 64 முழுசும் உடனே போகாது, ஆனால் 30 ஜிபியாவது காலியா இருக்கட்டும். ஓட்டும் நேரத்தில் குரோமை மூடிடுங்க, 8 ஜிபியில் ரெண்டும் சேர்ந்து மூச்சு விடாது.

விண்டோஸ் ஏறினதும் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நிலையின் பதிவு, பிறகு அதுக்கே திரும்பலாம்). அதுக்குப் பிறகு நெட்வொர்க் அமைப்பில் "நாட் அட்டாச்ட்". கிளிப்போர்டு, டிராக் அண்ட் டிராப் இரண்டும் டிசேபிள்ட். கோப்பை உள்ளே கொண்டுபோக ஷேர்ட் ஃபோல்டர், ரீட்-ஒன்லி டிக் போட்டு.

நடுராத்திரி · 9 நவம்பர், காலை 9.00

கடைசி வரி மட்டும் வேறு. ஷேர்ட் ஃபோல்டர் வேலை செய்ய உள்ளே வர்ச்சுவல்பாக்ஸின் துணை நிரலான கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவ வேண்டும். அதை நிறுவாமல் விடுவது நல்லது: உள்ளுக்கும் வெளிக்கும் கூடுதலாக ஒரு பாதை எதற்கு, தவிர பல திருட்டு நிரல்கள் அதன் கோப்புகளைத் தேடிப் பார்த்து, மெய்நிகர் கணினி என்று கண்டால் சாதுவாக நடிக்கும்.

பதிலுக்கு, மெய்நிகர் சிடி. ஆப்டிகல் டிரைவுக்கு வட்டு தேர்ந்தெடுக்கும் ஜன்னலிலேயே "விஐஎஸ்ஓ" உருவாக்கும் வசதி இருக்கிறது. ஜிப்பை அதில் சேர்த்தால் உள்ளே சிடியாகத் தெரியும். சிடிக்குள் எதுவும் திரும்ப எழுத முடியாது, டிக் போட மறக்கவும் வாய்ப்பில்லை.

மற்ற அமைப்பெல்லாம் அண்ணன் சொன்னபடி. "நாட் அட்டாச்ட்" ரொம்ப முக்கியம். அதற்குப் பதில் "என்ஏடி" (NAT) முறையில் வெளிக்கணினி வழியாக இணையம் கொடுத்தால் வெளியாள் உள்ளே வர முடியாது என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள். உள்ளே இருப்பவன் வெளியே போகலாமே. அலுவலக ரவுட்டர், பிரிண்டர், பகிர்ந்து வைத்த கோப்புறை எல்லாம் அவனுக்கு எட்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது உள் வலையின் கோப்புப் பகிர்வு ஓட்டை வழியாகத்தான். யாரும் எதையும் தட்டத் தேவைப்படவில்லை.

தோட்டத்துக் கிராணி · 9 நவம்பர், இரவு 9.15

அமைத்தாயிற்று. ஆனால் நத்தை வேகம். ஜன்னலின் கீழ் ஓரத்தில் ஒரு பச்சை ஆமைப் படம் தெரிகிறது. வைரஸா?

செம்பனைக்காடு · 9 நவம்பர், இரவு 9.22

ஹாஹா, அந்த ஆமை வர்ச்சுவல்பாக்ஸோடது அண்ணே. விண்டோஸின் சொந்த மெய்நிகர் அடுக்கான ஹைப்பர்-வி ஏற்கெனவே சிபியுவைப் பிடிச்சு வைத்திருக்கு, வர்ச்சுவல்பாக்ஸ் அதன் தோள்மேல் ஏறி ஓடுது. அதுக்குத்தான் ஆமை. காரணம் பெரும்பாலும் விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷனில் இருக்கும் "மெமரி இண்டெக்ரிட்டி". அணைச்சு மறுதொடக்கம் செய்தால் ஆமை போயிடலாம்.

நடுராத்திரி · 9 நவம்பர், இரவு 9.41

அணைக்க வேண்டாம். தெரியாத நிரலைச் சோதிக்க அமைத்த கணினியில், வெளிக்கணினியின் காவலைக் குறைப்பது தலைகீழ் வேலை. ஆமையோடு ஓடட்டும். சம்பள நிரலுக்கு வேகம் எதற்கு?

செம்பனைக்காடு · 9 நவம்பர், இரவு 9.48

அதுவும் சரிதான். விடுங்க, ஆமையே இருக்கட்டும்.

நடுராத்திரி · 10 நவம்பர், காலை 7.30

கிராணி ஐயா, ஓட்டும் முன் உள்ளே சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பின் ஆட்டோரன்ஸ் (தானாக எழும் நிரல்களைப் பட்டியலிடும்), ப்ராசஸ் மானிட்டர் (நிரல் எதைத் தொடுகிறது என்று காட்டும்) இரண்டையும் சிடியில் சேர்த்துக்கொண்டு போங்கள். டிஃபெண்டர் உள்ளேயும் இயங்கிக்கொண்டே இருக்கட்டும். ஆட்டோரன்ஸைத் திறந்து நிலவரத்தைச் சேமியுங்கள், நிரலை ஓட்டுங்கள், மறுபடி திறந்து ஒப்பிடுங்கள். புதிதாக ஒரு ஷெட்யூல்ட் டாஸ்கோ ரன் பதிவோ முளைத்திருந்தால், சம்பளக் கணக்கு ஏன் ஒவ்வொரு முறை கணினி திறக்கும்போதும் எழ வேண்டும் என்று யோசியுங்கள். ப்ராசஸ் மானிட்டரில் அந்த நிரலின் பெயரை மட்டும் வடிகட்டிப் பார்த்தால், அது பிரவுசரின் "யூசர் டேட்டா" கோப்புறையைத் தேடுகிறதா என்பது வரி வரியாகத் தெரியும். அந்தக் கோப்புறையில் கணக்குக்கு வேண்டியது ஒன்றுமே இல்லை.

இணையம் இல்லாததால் "சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று நின்றால் அதுவும் தகவல்தான். பெருக்கிக் கழிக்க எதற்கு சர்வர்?

எதுவுமே நடக்கவில்லை என்றால் மட்டும் நற்சான்று கொடுத்துவிடாதீர்கள். சில நிரல்கள் நாள்கணக்கில் தூங்கும். சில, கோர் எண்ணிக்கை, வட்டு அளவு, எலி அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.

முடிந்ததும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புங்கள். உள்ளே வைத்துச் சுத்தம் செய்ய முயல வேண்டாம்.

மேசைக்கடை · 10 நவம்பர், காலை 10.05

இவ்வளவு பாடு எதுக்கு? ஒரே நேரத்துல பல ஆண்டிவைரஸ் சோதிக்கிற வைரஸ்டோட்டல் தளத்துல ஏத்திப் பார்த்தா தெரிஞ்சிடாதா?

நடுராத்திரி · 10 நவம்பர், காலை 11.15

பாதிதான் தெரியும் அக்கா. பத்துக்கு மேற்பட்ட கருவிகள் திருட்டு நிரல் என்று ஒரே குடும்பப் பெயரைச் சொன்னால் முடிந்தது கதை. இரண்டு மூன்று மட்டும், அதுவும் "ஜெனரிக்" என்று பொதுவாகச் சொன்னால் குழப்பம். பைத்தான் நிரலை பைஇன்ஸ்டாலரில் கட்டி இஎக்ஸ்இ ஆக்கினாலோ, ஆட்டோஇட்டில் எழுதினாலோ நல்ல நிரலுக்கும் அப்படி விழும். மறுபக்கம், பூஜ்யம் என்று வந்தாலும் நம்ப முடியாது. கட்டு மாற்றிக் கட்டு மாற்றித்தான் அனுப்புகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. அங்கே ஏற்றும் கோப்பைப் பாதுகாப்பு நிறுவனங்களும் சந்தா கட்டிய ஆய்வாளர்களும் இறக்கிப் பார்க்க முடியும். சம்பளப் பட்டியல், பாஸ்போர்ட் எண் உள்ள எக்செல் எதையும் ஏற்றவே கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 முதலாளி தலையில்தான் விழும். கோப்பை ஏற்றாமல் அதன் கைரேகை போன்ற ஹாஷை மட்டும் தேடலாம்: பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் என்று அடித்து இடைவெளி விட்டுக் கோப்பை இழுத்துப் போட்டால் 64 எழுத்துள்ள சரம் வரும், அதைத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள்.

டிஜிட்டல் கையொப்பத்தைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். இல்லாவிட்டால் சந்தேகம், இருந்தால் மட்டும் போதாது. 2017இல் சிகிளீனர் 5.33 பதிப்பு அசல் கையொப்பத்தோடு அசல் தளத்திலிருந்தே பின்கதவுடன் இறங்கியது.

செம்பனைக்காடு · 10 நவம்பர், மதியம் 12.40

விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் (தெரியாத நிரலை ஓட்டும் முன் தடுக்கும் வசதி) எச்சரிக்கவில்லையே என்றும் நம்பிடாதீங்க. பிரவுசரில் இறங்கும் கோப்பில் "இணையத்திலிருந்து வந்தது" என்று ஒரு மறைகுறி ஒட்டியிருக்கும், ஸ்மார்ட்ஸ்கிரீன் பார்ப்பது அதைத்தான். செவன்-ஜிப்பில் பிரித்தால், நீங்களா அமைப்பில் மாற்றாதவரை, அந்தக் குறி உள்ளே இருக்கும் கோப்புக்கு ஒட்டாது. எச்சரிக்கை வராது.

மேசைக்கடை · 10 நவம்பர், மாலை 6.20

போட்டோஸ்டேட் கடை வச்சிருக்கிறவங்களுக்கு இது. நம்மகிட்ட நிரலை யாரும் கொடுக்க மாட்டாங்க, பென்டிரைவ்தான் வரும். ஆனா அதுக்குள்ள நிரல் இருக்கும்.

திறந்ததும் பென்டிரைவுக்குள்ள அதே பென்டிரைவ் படம் ஒண்ணு, மூலையில சின்ன அம்புக்குறி. தட்டினா கோப்பெல்லாம் திறக்கும், அதனால ஒண்ணும் தப்பா தெரியாது. தட்டாம வலது சொடுக்கு, ப்ராபர்டீஸ், "டார்கெட்" பாருங்க. அதுல சிஎம்டி இல்ல ரன்டிஎல்எல்32ன்னு இருந்தா அது ஷார்ட்கட் இல்ல, வைரஸ். வாடிக்கையாளர் கோப்பு அழியல, பெயரே இல்லாத ஒரு மறைவுக் கோப்புறைக்குள்ள பத்திரமா இருக்கும். மறைவுக் கோப்புகளைக் காட்டச் சொன்னா தெரியும்.

நல்ல வழி: வாடிக்கையாளர் பென்டிரைவுக்குன்னே ஒரு பழைய மடிக்கணினி, லினக்ஸ் மிண்ட். 4 ஜிபி ராம் போதும். பிடிஎஃப், படம், வேர்ட் எல்லாம் அதுல திறந்து அச்சடிக்கலாம். விண்டோஸ் ஷார்ட்கட் அங்க வெறும் கோப்புதான். அதுல எந்த வங்கி, புலனம், மின்னஞ்சலும் திறக்காதீங்க.

நடுராத்திரி · 10 நவம்பர், இரவு 8.02

அக்கா சொன்னதோடு ஒன்று. அந்த மிண்ட்டில் வைன் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) நிறுவாதீர்கள். வைன் பாதுகாப்புப் பெட்டி என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் இசட் டிரைவ் என்பது லினக்ஸின் முழு வட்டு. உள்ளே ஓடும் விண்டோஸ் நிரல் உங்கள் வீட்டுக் கோப்புறை முழுவதையும் படிக்கும், எழுதும்.

தோட்டத்துக் கிராணி · 11 நவம்பர், காலை 9.50

குழுவில் இப்போது அதே ஆள் கைப்பேசிக்கு ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு) என்று இன்னொன்று போட்டிருக்கிறார். ஐந்து பேர் நிறுவிவிட்டார்களாம்.

நடுராத்திரி · 11 நவம்பர், காலை 10.08

அந்த ஐந்து பேருக்கு இதை அப்படியே அனுப்புங்கள்.

உடனே ஏரோபிளேன் மோட். வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், சில கைப்பேசிகளில் அது தனியாக நிற்கும். வேறு கைப்பேசியிலிருந்து வங்கியின் அவசர எண்ணுக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால் தேசிய மோசடிப் பதில் மையம், 997. அதன் பிறகுதான் கைப்பேசியைத் தொட வேண்டும்: செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, டிவைஸ் அட்மின், நோட்டிஃபிகேஷன் அக்சஸ் மூன்றிலும் அந்தச் செயலியை அணைத்து, பிறகு நீக்க வேண்டும். நீக்க விடாமல் திரை தானாக மூடினால் சேஃப் மோடில் நீக்கலாம். பேக்டரி ரீசெட் இன்னும் நிச்சயம்.

அக்சசிபிலிட்டி கொடுத்தால் திரையில் உள்ளதைப் படிக்கும், உங்களுக்காகப் பொத்தானையும் அழுத்தும். எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்தால் வங்கி அனுப்பும் டேக் எண் (ஓடிபி) அதன் கைக்குப் போகும். 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டு மாறச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கல்யாண அழைப்பிதழ் என்று வந்த ஏபிகேக்களும் கேட்டது இந்த அனுமதிகளைத்தான்.

செம்பனைக்காடு · 11 நவம்பர், காலை 10.30

கணினியில் ஏற்கெனவே ஓட்டியவர்களுக்கும் சொல்லிடறேன். கேபிளைக் கழற்றுங்க, வைஃபையை அணைங்க. கடவுச்சொல்லை அந்தக் கணினியிலேயே மாத்தினால் புதுசும் போயிடும், வேறு கருவியில் மாத்துங்க. முதலில் மின்னஞ்சல், அப்புறம் வங்கி, அப்புறம் மற்றது. கடவுச்சொல் மாற்றினால் மட்டும் போதாது: பிரவுசர் குக்கீ திருடியவனுக்குக் கடவுச்சொல்லே தேவையில்லை, ஏற்கெனவே உள்ளே நுழைந்த நிலையில் இருப்பான். ஒவ்வொரு கணக்கிலும் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" அழுத்தணும். புலனத்தில் லிங்க்ட் டிவைசஸ் பாருங்க.

பிறகு ஆவணங்களை மட்டும் நகலெடுத்து, வேறொரு கணினியில் செய்த அசல் விண்டோஸ் யுஎஸ்பியால் புதிதாக நிறுவுங்க. ஸ்கேன் செய்து சுத்தமாச்சு என்று தொடர்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தோட்டத்துக் கிராணி · 12 நவம்பர், இரவு 8.45

ஆமையோடு ஓட்டிப் பார்த்தேன். பிரித்ததுமே உள்ளே இருந்த டிஃபெண்டர் இஎக்ஸ்இயை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதோடு நிறுத்தி ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினேன். குழுவிலும் போட்டுவிட்டேன். இனி எந்த நிரலில் கணக்குப் போடுவது?

மேசைக்கடை · 12 நவம்பர், இரவு 9.00

ஈபிஎஃப்போட முதலாளிகள் தளம் ஐ-அக்காவுன் மஜிக்கான்லயே பங்களிப்பை உள்ளிடலாமே, இலவசம்.

நடுராத்திரி · 12 நவம்பர், இரவு 9.35

ஆம். குத்தகையாளர்கள் தங்களுக்குள் எக்செல் பகிர்வதாக இருந்தாலும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் மட்டும் வாங்குங்கள், எக்ஸ்எல்எஸ்எம் என்றால் மேக்ரோ (உள்ளே ஓடும் குட்டி நிரல்) உண்டு. "எனேபிள் கண்டென்ட்" அழுத்தச் சொல்லும் சம்பளத் தாளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சிஎஸ்வி வெறும் எழுத்துதான் என்றாலும் சமக்குறியில் தொடங்கும் கட்டத்தை எக்செல் சூத்திரமாக எடுத்துக்கொள்ளும். அதனால் முதலில் நோட்பேடில் திறந்து, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர்தான் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, டேட்டா தாளில் "ஃப்ரம் டெக்ஸ்ட்" வழியாக எல்லாப் பத்தியையும் டெக்ஸ்ட் என்று குறித்து ஏற்றுங்கள். இதில் இன்னொரு லாபம், பாஸ்போர்ட் எண்ணின் முன்னால் வரும் பூஜ்யமும் விழாது.